சாட்சிக் கையெழுத்து

லோயர் கேம்ப் மின்நிலையம். இரவு ஷிப்ட்.
குமுளி மலையிலிருந்து நான்கு ராட்சதக் குழாய்கள்
இருட்டோடு தண்ணீரையும் இறக்கிக்கொண்டிருக்கின்றன.
அந்தக் குழாய்களின் ஓரப் படிகளில்தான்
இருபது கிலோ மணல் மூட்டையோடு
பதினான்கு மாதம் ஏறி இறங்கினேன்.
"என்னம்மா பவுன்தாயி, ரேஷன் அரிசி கடத்துறியா?" என்று
செக்போஸ்ட்காரர் ஒருமுறை மூட்டையை
அவிழ்த்தே பார்த்துவிட்டார்.

இப்போது மேசையில் ஒரு படிவம்.
எட்டாயிரம் மீட்டருக்கு மேல் இறந்துபோனால்
உடலை என்ன செய்ய?
கீழே கொண்டுவருவது, அங்கேயே புதைப்பது,
விட்டுவிடுவது.
மூன்று கட்டம், ஏதாவது ஒன்றில் டிக்.
செத்தவர் பெயரை ரேஷன் கார்டிலிருந்து எடுக்க
நாலு நாள் அலையவிடுகிற ஊர்க்காரி நான்.
இதற்கு ஒரு டிக் போதுமாம்.

முதலில் பினோய்க்கு எழுதினேன்.
அன்புள்ள என்று தொடங்கி, அடித்தேன்.
பதிமூன்று வருடத்தில் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை.
'எடோ' என்று எழுதினேன். கை தானாக ஓடியது.
எடோ, கேஸ் புக்கிங் என் நம்பரில் இருக்கிறது, மாற்றிக்கொள்.
ஏலக்காய்க் கடை அட்வான்ஸ் பத்திரம்
பீரோவில், கல்யாணப் புடவைக்கு அடியில்.
என்னை இறக்க ஆள் வைக்காதே.
ஆறு பேர் ஏற வேண்டியிருக்கும்,
அவர்கள் வீட்டுப் பீரோவிலும்
இப்படி ஒரு காகிதம் இருக்கும்.
அப்புறம், மழை நேரத்தில்
கொண்டை ஊசி வளைவில் வண்டியை விரட்டாதே.
இந்த இடத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.
யார் யாருக்குச் சொல்வது.

அவன் அப்பச்சனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.
எனக்கு மலையாளம் எழுத வராது.
தமிழ் எழுத்தில் மலையாளத்தைக் கோத்தேன்,
யாராவது வாசித்துக் காட்டட்டும் என்று.
'ஞான் திரிச்சு வந்நில்லெங்கில்' வரை வந்தது.
அதற்குமேல்
எந்த மொழியும் வரவில்லை.

அண்ணன் மொக்கராசுக்கு ஒரே வரி:
நாலு பந்தல் திராட்சையையும் நீயே வைத்துக்கொள்.
மூன்று வருடம் பேசாமலிருந்தது அதற்காகத்தான்.
வாசித்துப் பார்த்தேன்.
செத்தால் தருகிறேன் என்பது போல இருந்தது.
கிழித்துவிட்டேன்.

ஆன்லியாவுக்கு நேற்றே பேசிப் பதிந்து வைத்திருந்தேன்,
எட்டு நிமிடம்.
சாயங்காலமே எடுத்துக் கேட்டுவிட்டாள்.
என் போனைத் திறக்க
வீட்டில் யாருக்குத்தான் தெரியாது.
அழவில்லை. நோட்டுத் திருத்தும் டீச்சர் முகத்தோடு வந்தாள்.
"மூணாவது நிமிஷத்துல
பயமே இல்லைன்னு சொல்லியிருக்கே.
அது மட்டும் நீ ஆபீசர்கிட்ட பேசுற குரல்.
அழிச்சிட்டு மறுபடி பேசு."

பதினோரு வயது.

இரண்டரை மணிக்கு
போனை வாயருகே பிடித்துக்கொண்டேன்.
"ஆன்லி, பயமாத்தான் இருக்கு" என்றேன்.
பிறகு நாற்பது விநாடி
மலையிறங்கும் தண்ணீர்தான் பேசியிருக்கிறது.
அதை வெட்டவில்லை.
கடைசியில் ஞாபகம் வந்ததைச் சொன்னேன்:
அறிவியல் நோட்டுக்கு அட்டை போட்டாச்சு,
பிரிட்ஜ் மேலே இருக்கு.

மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்தேன்.
பேனா கொஞ்சம் அழுந்திவிட்டது.
கீழே 'சாட்சி, இரத்த உறவு' என்று
ஒரு கோடு காலியாகக் கிடக்கிறது.

ஆறு மணிக்கு ஷிப்ட் முடியும்.
கம்பத்துக்கு ஆறு இருபதுக்கு ஒரு பஸ்.
வாசலில் என்னைப் பார்த்ததும்
உள்ளே போய்விடுவானா, தெரியவில்லை.
அண்ணனுக்குக் கையெழுத்து மெதுவாகத்தான் வரும்.
தன் பெயரிலேயே
'க்' போட மறந்துவிடுவான்.
பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும்.